ஊமத்தை வைத்தியர்

கழுதைக்கு முட்டி வலி. புதரோரத்து ஊமத்தைச் செடி இரக்கப்பட்டு, "என் இலையைச் சூடான பாறையில வதக்கி முட்டியில வச்சுக் கட்டு. வாயில மட்டும் வச்சிராதே, நான் விஷம்" என்றது.

மூன்று நாளில் வலி குறைந்தது. நான்காம் நாள் கழுதை வைத்தியராகிவிட்டது.

வயிற்று வலியோடு வந்த குரங்கிடம், "அதே இலைதான். அரைச்சுக் குடி" என்றது.

"ஐயோ, நான் விஷம்!" என்று ஊமத்தை கத்தியது.

"வலியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? அனுபவிச்சவன் நான்" என்றது கழுதை. குரங்குக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. குடித்தது.

மறுநாள் குரங்கின் இழவுக்குக் கழுதை கொஞ்சமும் நொண்டாமல் நடந்து வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் முட்டியை மடக்கி நீட்டிக் காட்டியது.

குரங்கின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "அழுதழுது தலை வலிக்குதுண்ணே. அந்தச் செடி எங்க இருக்கு?"