ஒரிஜினல் பாகங்கள்

பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

கையெழுத்துதான் பாக்கி.

'பொருள்: கைக்கடிகாரத்தின் உட்பாகங்களை மாற்ற ஒப்புதல் அளித்தல் தொடர்பாக.' வாட்ச் ரிப்பேர் கடையில் இப்படியொரு கடிதத்தை யாரும் கேட்கவில்லை. அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வருடம் மில் மேனேஜராக இருந்த கை சும்மா இருக்காது.

ஸ்பிரிங், தகடு, பற்சக்கரம் மூன்று. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

கனடாவில், கால்கரியில் இருக்கும் மகனுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை.

"ஒரு ஸ்க்ரூகூட மாத்தாதீங்கப்பா. நாப்பத்தஞ்சு வருசம் ஒரிஜினலா இருக்கறதுக்குத்தான் மதிப்பே."

ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து நலம் விசாரிப்பான்.

வாட்ச்சின் நலம்.

நான்கு ஞாயிறாக "ஓடுது" என்று பொய் சொல்லியாயிற்று. ஐந்தாவது ஞாயிறுக்குள் நிஜமாகவே ஓடியாக வேண்டும். மூடிக்குள் இருப்பது ஒரிஜினலா மாற்றா என்று கால்கரியிலிருந்து தெரியப்போவதில்லை.

மில்லுக்கு இயந்திரம் பார்க்கப் போனபோது சுவிட்சர்லாந்திலேயே வாங்கியது. சாவி கொடுக்க வேண்டாத வகை. கை அசைந்தால் உள்ளே தகடு சுற்றும். தகடு சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கேறும். கையை நீட்டி நீட்டி ஆட்களைத் திட்டிய காலத்தில் ஒரு நிமிடம் பிந்தியதில்லை.

இப்போது தினமும் காபிக்கு முன் பார்த்தால் நின்றிருக்கிறது.

கடைக்காரர் நாச்சிமுத்து, "அஞ்சு நாள் டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் மாத்தலாமுங்க" என்று வாங்கி வைத்திருந்தார். ஐந்து நாள் இன்றோடு முடிந்தது.

நாச்சிமுத்து வாட்ச்சைக் கழற்றினார்.

தன் கையிலிருந்து.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்பத்தைந்து வருடத்தில் வேறு கையை அறியாத வாட்ச்.

"கட்டிப் பாக்கறதுதானுங்க எங்க டெஸ்ட்டே" என்றார் நாச்சிமுத்து. "அஞ்சு நாளும் நிக்கவே இல்லீங்க. ஞாயித்துக்கெழம தங்கச்சி புள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடிதானுங்களே? பாப்பா ஊசியப் பாத்துட்டு இந்த வாட்ச்சத்தான் புடிச்சு இழு இழுன்னு இழுத்துச்சு. அப்புறம் கெடா விருந்து, எலைக்கு எலை ஓடிப் பரிமாறினேன். சாயந்தரம் பசங்க பாட்டுப் போட்டு விட்டானுங்க, ஆடாம உட மாட்டேன்னுட்டானுங்க. எங்கீங்க நிக்கும்?"

வாட்ச் ஆடியிருக்கிறது.

நாச்சிமுத்து கடிதத்தை அவர் பக்கமே தள்ளினார்.

"எல்லாம் ஒரிஜினலுங்க. ஒண்ணையும் மாத்த வேண்டாம். ஏனுங்க சார், நீங்க கைய என்னதான் பண்றீங்க?"

நிர்வாகியாக இருந்தவர். கேள்வியை ஒழுங்காக யோசித்தார்.

காலையில் பேப்பர். இடது கை அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கும், காற்றுக்கு. ரிமோட் வலது கையில். கேரியர் சாப்பாடும் வலது கையில். மத்தியானம் இரண்டு கையும் வயிற்றின் மேல்.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு டாட்டா காட்டுவது மட்டும் இடது கை.

நான்கு முறை ஆட்டுவார். ஐந்தாவதற்குள் திரை அணைந்துவிடும்.

"வேல எதுவும் இல்லீங்க" என்றார்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாட்ச்சை எடுத்துக் கட்டினார். அடிமூடியில் நாச்சிமுத்துவின் சூடு இன்னும் இருந்தது.

அது ஆறும்வரை நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கழற்றினார்.

"இன்னொரு வாரம் நீங்களே கட்டிப் பாருங்களேன்."

"எதுக்குங்க சார்? அதான் ஓடுதே!"

"அது சரி."

கண்ணாடி மேசையில் வாட்ச்சை மெல்ல நாச்சிமுத்துவின் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வீட்டுல அடுத்து என்ன விசேசம் வருதுங்க?"