கேமரா சரியில்லை

கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் ஒரு கேமராவும் ஒரு மர ஸ்டூலும் வேலை பார்த்து வந்தன. கேமராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். படம் எடுத்துக்கொண்டவர் படியிறங்கியதுமே ஆரம்பித்துவிடும்.

“பாத்தியாடா அந்த மாப்பிள்ளைய? ‘சாதாரணமா இருங்க’ன்னு முதலாளி சொன்னதும் தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு கட்டை மாதிரி வெறைச்சுட்டாரு. படத்தப் பாத்துட்டு, ‘கேமரா சரியில்லைங்க’ன்னு பழிய எம்மேல போடுறாரு. முதலாளியும் ‘அதனாலென்ன, இன்னொண்ணு எடுக்கலாங்க’ன்னு குழையுறாரு. இருக்கிற மூஞ்சியத்தானே நான் எடுக்க முடியும்?”

“பயம்தாண்ணே. உக்காரும்போதே அவருக்குக் கால் நடுங்குச்சு” என்றது ஸ்டூல்.

“படம்தானே எடுக்கிறோம், பல்லையா புடுங்குறோம்?”

ஒரு நாள் காலையில் முதலாளி கேமராவைத் துடைத்து, அதே ஸ்டூலின் மேல் உட்காரவைத்தார். பின்னால் நீலத் திரையை இழுத்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தார். அவர் புதுக் கேமரா வாங்கப் போகிறார்; பழையதை விற்க ஒரு படம் வேண்டும்.

விஷயம் புரிந்ததும் கேமரா வெலவெலத்துப் போனது.

“தம்பி, வலது பக்கம் ஒரு கீறல் இருக்குடா. தெரியாதபடி கொஞ்சம் சாஞ்சு குடுடா.”

ஸ்டூல் பாவப்பட்டு, தன் ஆடுகிற கால் பக்கமாக லேசாகச் சாய்ந்துகொடுத்தது. கேமரா மூச்சைப் பிடித்துக்கொண்டது.

முதலாளி படம் எடுத்து, உதட்டைப் பிதுக்கினார். அவர் போனைத் திருப்பியபோது, அதன் திரையில் கேமராவும் தன்னைப் பார்த்தது. கீறல், உரிந்த தோல், மங்கிய கண்ணாடி, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

“அந்தப் போன் சரியில்லைடா” என்றது கேமரா.

“அதனாலென்னண்ணே,” என்றது ஸ்டூல், “இன்னொண்ணு எடுக்கலாம்.”