தட்டிச் சுவர்

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். ஜெயம்மா வீட்டுக் கதவைக் கோர்ட் அமீனா தட்டினார்.

"தவணை பாக்கிக்கு மத்தியஸ்தர் தீர்ப்பு ஆயிடுச்சு. ரேடியோவை ஜப்தி பண்ணக் கோர்ட் ஆர்டர். பேரைப் படிக்கிறேன்..."

"படிக்காதீங்க. மூங்கில் தட்டிச் சுவரு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். எடுத்துனு போங்க."

நல்லவேளை, பக்கத்து வீட்டு ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. ஜெயம்மா தலை நிமிராமல் தங்கள் ரேடியோவைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள்.

ஷிப்ட் முடிந்து கணவன் தசரதன் வந்ததும் அழுதாள்.

"கடன்ல வாங்கினேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல? அமீனா வந்து எடுத்துனு பூட்டாரு."

"இன்னா கடன்? மொத்தக் காசும் குடுத்துத்தானே வாங்கினேன். ஆர்டர்ல யார் பேரு இருந்துச்சு?"

"நான்தான் படிக்கவே உடலியே."

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது.