கூலிங் கிளாஸ் மாப்பிள்ளை

அக்கா பார்த்து வைத்திருந்த பெண்ணுக்கு ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு நகர நேரமில்லையாம். மாப்பிள்ளை புது கூலிங் கிளாஸோடு அங்கேயே போய் நின்றான்.

"உட்காருங்க" என்றவள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முகம் வாடிக் கிடந்தது.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே! "உங்க கம்ப்யூட்டர் ரிப்பேரா? தலையைச் சாய்ச்சா ஸ்கிரீன் இருட்டாகுதே" என்றான்.

சட்டென்று திரும்பினாள். "எங்க, மறுபடி சாய்ங்க!"

சாய்த்தான். "இருட்டு."

"நிமிருங்க."

"பளிச்சுனு தெரியுது."

அவள் வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்ணாடியைக் கழட்டுங்களேன்."

முகம் பார்க்க ஆசை போலிருக்கிறது! முடியைக் கோதிக்கொண்டே கழற்றினான். வெடுக்கென்று வாங்கிக்கொண்டு லேசர் மேஜைக்கு ஓடினாள்.

"வைரஸ் மேல பட்டுச் சிதறுற ஒளி எந்தத் திசையில அதிருதுன்னு பார்த்தாதான் அதோட உருவம் பிடிபடும். ஒரு திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடுற தகடு காலையில உடைஞ்சிடுச்சு. சாம்பிளோ சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். நல்லவேளை, உங்க கண்ணாடியும் அதே வேலையைச் செய்யுது; அதனாலதான் நீங்க சாய்ஞ்சப்போ ஸ்கிரீன் இருட்டாச்சு!"

வாசலுக்கு வந்ததும் அக்காவின் போன். "என்னடா, பிடிச்சிருக்காமா?"

"கண்ணாடியைப் பிடிச்சிருக்காம்."

"உன்னை?"

"என்னை இனிமேதான் பார்க்கணுமாம். நாளைக்குக் கண்ணாடி போடாம வரச் சொன்னாங்க!"