ஐந்தாவது அடுப்பு

"அடுப்பு எப்படி இருக்கு, பெத்ரோனா?"

"நல்லா இருக்குங்க. புகையே இல்லை. ரொட்டியும் சீக்கிரம் வேகுது."

பதினான்கு மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்பாளர் கஸ்பார் கேட்டதும், தான் சொன்னதும் பெத்ரோனாவுக்கு அப்படியே நினைவிருந்தது. இதில் எந்த வார்த்தை தப்பாகப் போயிற்று என்றுதான் விளங்கவில்லை. அடுத்த இரண்டாவது மாதமே அமெரிக்க அறக்கட்டளையிலிருந்து மெரிடித் மறுபடி வந்து, தாங்கள் கட்டித் தந்த அந்த நல்ல அடுப்பை இடித்துவிட்டு இன்னொன்று கட்டினாள்.

அதையும் நல்லா இருக்கு என்றாள் பெத்ரோனா. அதையும் இடித்தார்கள். மூன்றாவதில் புகைக்குழாய் வடக்கிலிருந்து தெற்கே போனது. நான்காவதற்கு நீலச் சாயம் பூசினார்கள்.

மக்களைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது அறக்கட்டளையின் கொள்கை. அதனால் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"இப்ப அஞ்சாவது!" பக்கத்து வீட்டு கந்தெலாரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ சரின்னு சொன்னாத்தான் மத்த நாப்பது வீட்டுக்கும் அடுப்பு கட்டுவாங்களாம். அப்படி என்னடி குறை சொல்லித் தொலைக்கிறே? என் மருமக பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு புகையில இருமிச் சாகறா."

"சத்தியமா நல்லா இருக்குன்னுதான் சொல்றேன், அக்கா!"

"அவங்க காதுல மட்டும் வேற மாதிரி விழுதாக்கும்? புருஷன் செத்ததுலேர்ந்து சண்டை போட ஆளில்லாம நீ அடுப்போட மல்லுக்கு நிக்கறியாம். ஊரே சொல்லுது."

நாற்பது வீட்டுப் பெண்களும் இப்போது பெத்ரோனாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோலோலா சந்தையில் அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்காரக்கூட யோசிக்கிறார்கள்.

"நான் ரெண்டு வார்த்தைதான் சொல்றேன். அவர் அரைமணி நேரம் இங்கிலீஷ்ல சொல்றார். அந்தம்மாவுக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போகுது. மஞ்சள் சீட்டா எழுதி எழுதி சுவத்துல ஒட்டறா. ஏன் இவ்வளவு நீளம்னு கேட்டேன். இங்கிலீஷ் அப்படித்தான்னு சொல்லிட்டார்."

"நல்ல பாஷை!" என்றாள் கந்தெலாரியா. "நம்ம பாதிரியாருக்குப் பொருத்தமா இருக்கும்."

கீழே ஏரிக்கரைச் சாலையிலிருந்து ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது.

மெரிடித் இறங்கி ஓடிவந்து பெத்ரோனாவைக் கட்டிக்கொண்டு, "ஓலா!" என்றாள். அத்தோடு அவளுடைய ஸ்பானிஷ் தீர்ந்தது. பெத்ரோனாவின் ஸ்பானிஷ் சந்தை பேரத்தைத் தாண்டாது. இருவருக்கும் நடுவில், ஊர் பேசும் கக்சிக்கேல் மொழியும் இங்கிலீஷும் தெரிந்த ஒரே ஆளான கஸ்பார், தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் கடைசி தடவை, பெத்ரோனா," என்றார். குரல் கம்மியிருந்தது. "இப்பவும் உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா, அறக்கட்டளை வேற நாட்டுக்குப் போயிடும்."

"திருப்தின்னா?"

"நாளைக்கே நாப்பது வீட்டுக்கும் வேலை ஆரம்பிச்சிடும். அதுக்கு ஆளுங்க தலைநகர்லேர்ந்து வருவாங்க. நாங்க வர வேண்டியிருக்காது."

"அப்ப நல்லாக் கேட்டுக்குங்க." பெத்ரோனா அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இது நல்லா இருக்கு. இதைவிட நல்லா இருக்க முடியாது. அப்படியே சொல்லுங்க. கூட ஒரு வார்த்தை சேர்க்காதீங்க."

கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் மெரிடித் கையை உயர்த்தித் தடுத்தாள். பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து அடுப்பின் மேல் வைத்தாள். ஒன்றில் சிரிக்கும் முகம். மற்றதில் அழும் முகம். மொழி ஒரு தடையாக இருக்கக் கூடாதென்று தலைமையகத்தில் ஆறு பேர் ஆறு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்த முறை அது.

பெத்ரோனா சிரிக்கும் முகத்தில் அறைந்தாற்போல் கையை வைத்தாள்.

மெரிடித் திகைத்துப் போனாள். மறுபடி அட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். பெத்ரோனாவின் கை மறுபடியும் சிரிப்பின் மேலேயே விழுந்தது. மெரிடித் அவசரமாக ஒரு தாளை விரித்தாள். முந்தைய நான்கு அடுப்புகளும் அதில் வரிசையாக வரையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. நீல அடுப்பின் பக்கத்தில் ஒரு பெண் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"யாருடி இது?" கந்தெலாரியா எட்டிப் பார்த்தாள். "உன் மேல்சட்டைப் பூவேலை மாதிரியே இருக்கு!"

"நானா? நீலத்தைப் பார்த்து நான் எப்ப அழுதேன்?" பெத்ரோனா மெல்லத் திரும்பினாள். "கஸ்பார்... நான் சொன்னதைத்தானே சொன்னீங்க?"

கஸ்பாரின் காது மடல்கள் சிவந்தன. தொப்பி அவர் விரல்களுக்குள் கசங்கியது.

"நாப்பது வீடு புகையில வேகுதுங்க!" பெத்ரோனா அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஊரே என்னைத் திட்டுது. நல்லா இருக்குன்னு சொன்னவளை எதுக்குக் குறை சொல்றவளாக்கினீங்க?"

"தப்புதான். நாப்பது வீட்டுக்கும் நானே மண் சுமக்கறேன். கந்தெலாரியாம்மா வீட்டுலதான் முதல் அடுப்பு."

மெரிடித் புதிய மஞ்சள் சீட்டும் பென்சிலுமாகக் கஸ்பாரின் கையைச் சுரண்டி, புகைக்குழாயைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் திரும்பவே இல்லை.

"முதல் நாளே நல்லா இருக்குன்னு நான் சொல்லியிருந்தா, இந்த வாசலுக்கு ரெண்டாவது தடவை வர எனக்கு வேற காரணமே இருந்திருக்காது, பெத்ரோனா," என்றார் கஸ்பார். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"