பூனை டாக்டர் சொன்ன வழி

காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த பஸ் டிரைவருக்குப் பூனையால் பெரிய ரோதனை. வெளியே விடச் சொல்லி, கதவைப் பிராண்டிப் பிராண்டி ஊரைக் கூட்டியது.

"தொண்டையா அது, ஏர் ஹாரனா?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

மனைவி பூனை டாக்டரிடம் யோசனை கேட்டு வந்தாள்.

"கத்துறப்போ காதுலயே வாங்கிக்கக் கூடாதாம். வாயை மூடினதும் தின்ன ஏதாவது தரணுமாம். ஜன்னலோரம் உக்கார வச்சா, வேடிக்கை பாத்துக்கிட்டே வெளியே போறதை மறந்துடுமாம்."

"அஞ்சறிவுதானே! ஒரு பிஸ்கட்டுக்கு ஏமாந்துடும்" என்று சிரித்தார் டிரைவர்.

அன்றே அவருடைய நாற்காலி ஜன்னலோரம் போயிற்று. "நீங்க உக்காந்தாதான் பூனையும் வந்து உக்காரும்" என்றாள். அவரும் தெருவில் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கெல்லாம் அங்கிருந்தே ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

"டிப்போ வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேனே!" என்று அவர் குரல் கொடுத்தால் மட்டும் மனைவிக்குக் காது கேட்காது. கத்தி அலுத்து அவர் ஓய்ந்ததும் டீயும் பிஸ்கட்டுமாக வந்து நிற்பாள். 'குறிப்பறிந்து நடக்கிறாளே' என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அவள் போனில் பேசுவது கேட்டது.

"ரொம்ப நன்றி டாக்டர். நீங்க சொன்ன வழி நல்லா வேலை செய்யுது. இப்பல்லாம் வெளியே போறேன்னு அடம் பிடிக்கிறதே இல்ல."

டாக்டர் ஏதோ கேட்டார் போலிருக்கிறது.

"பூனையா? அது கத்திக்கிட்டேதான் இருக்கு டாக்டர்."

டிரைவர் ஆவேசமாக வாயைத் திறந்தார். கதவருகே இருந்த பூனை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

டீ ஆறிவிடுமே என்று பிஸ்கட்டை முக்கினார்.