தப்பாக ஏறிய கடன்

முதல் அறையிலேயே ஜிபினின் உதடு கிழிந்தது. இரண்டாவது அறைக்கு அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. முற்றத்துத் தென்னையில் முதுகு இடிக்க நின்று, ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“யாருக்க பேர்ல கடன் எடுத்தா கேக்க ஆளிருக்காதுன்னு நெனச்சலே? எனக்க பேர்லயா?” ததேயுஸ் மச்சினனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான். பொத்தான்கள் தெறித்து மணலில் விழுந்தன.

மஸ்கட்டை விட்டு ததேயுஸ் ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இனி வெளிநாடு வேண்டாம், மினி லாரி எடுத்து மீன் லோடு அடிக்கலாம் என்று குழித்துறையில் ஒரு வங்கிக்குப் போயிருந்தான். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஒங்க சிபில் ரிப்போர்ட் சரியில்லையே. ஆஸ்பத்திரிக் கடன் ஒண்ணு எடுத்து, நடுவுல தவணை கட்டாம விட்டிருக்கீங்களே.”

எந்தக் கடன்? எந்த ஆஸ்பத்திரி? ஒரு பைசா கடன் வைக்காதவன் என்று ஊரில் மார்தட்டுகிறவன் அவன். தப்பாக ஏறியிருக்கிறது, திருத்துங்கள் என்று ஆன்லைனில் புகார் போட்டான்.

பதில் இன்று காலையில் வந்தது. கடன் சரியானதுதான். பிரிட்ஜ் வாங்கியபோது கிடைத்த இ.எம்.ஐ. கார்டில், அவன் நம்பருக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். பணம் நேராக நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. மோசடி என்றால் எஃப்.ஐ.ஆர். நகல் அனுப்ப வேண்டுமாம்.

தேதி, போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம். ஈஸ்டர் ராத்திரி கூட்டாளிகளோடு மூக்குமுட்டக் குடித்துவிட்டு, எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்பதே தெரியாமல், விடிந்ததும் விமானம் ஏறப் போனவன் ததேயுஸ். பெண்டாட்டி டெல்சி பல்வலி என்று முகத்தை மூடிப் படுத்திருந்தாள். அதனால் ஊர் சிம் போட்ட போனை ஏர்போர்ட் வாசலில் அவள் தம்பி ஜிபின் கையில்தான் கொடுத்தான். அந்த வருஷம் பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனும் ஜிபின்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சுவரோரம் கிடந்த மூங்கில் கழியைக் கையில் எடுத்தான்.

“வாயத் தொறலே!”

“மிச்சத்த முழுக்க நான் கட்டிருதேன் அத்தான். தடைக்காலத்துல கடலுக்குப் போவ முடியாம விட்டுப்போச்சு, அதான்...”

“அப்போ நீதான் எடுத்திருக்க!”

கழி முழங்கையில் விழுந்தது. ஜிபின் அலறிக்கொண்டு மண்டியிட்டான். அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது விலாவில். கழி முறிந்ததும் காலால் மிதித்தான். வேலிக்கு அப்பால் ஆட்கள் கூடிவிட்டார்கள். உள்ளே வர ஒருவருக்கும் துணிவில்லை.

டெல்சி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். “கொன்னுராதீங்க, அவன விட்டிருங்க!” அவளை ஒரு கையால் நெட்டித் தள்ளினான். அவள் போய் மணலில் விழுந்தாள்.

“இனி இவனத் தொட மாட்டேன். நேரா ஸ்டேசனுக்குத்தான் போறேன்.” மூச்சிரைத்தது ததேயுஸுக்கு. “எஃப்.ஐ.ஆர். போட்டாத்தான் எனக்க பேரு வெளுக்கும். லேய், ஒனக்குக் கத்தார் விசா வந்திருக்குல்லா? களவு கேஸு விழட்டும், நீ எப்பிடிப் போறேன்னு பாக்கேன்.”

ஜிபின் கிடந்த கிடையில் அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தான்.

டெல்சி எழுந்தாள். பைக்கை நோக்கி நடந்தவனின் முன்னால் போய் நின்றாள்.

“கேஸு வேண்டாம். அவன் எடுக்கல்ல.”

“பின்ன? இவன் ஆஸ்பத்திரியில கெடந்த செலவு யாருக்க தலையில ஏறிச்சாம்?”

“அவன் கெடந்தது கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. சல்லிக்காசு செலவில்ல.”

ததேயுஸின் கை ஓங்கியது. “அப்போ எனக்க பேர்ல கடன் எடுத்து வைத்தியம் பாத்தது யாருட்டி?”

ஓங்கிய கைக்கு எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இந்தத் தடவை திருப்பவில்லை.

“நான்தான். ஈஸ்டர் ராத்திரி நீங்க ஒடச்ச தாடைக்கு.”